பாடனில் பிறந்த ‘சூப்பர்’ திரையும் போன் கடை ‘சூப்பரும்’

போன் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற சொற்களை வாசித்தாலே தலை சுற்றும். சூப்பர் ரெட்டினா, லிக்விட் ரெட்டினா, டைனமிக் அமோலெட், 2000 நிட்ஸ், 240 ஹேர்ட்ஸ். எங்கட பிள்ளைகளுக்கு இதெல்லாம் மனப்பாடம். காசு கட்டுகிற அப்பாவுக்குக் கிடைக்கும் விளக்கமோ ஒரு வரிதான்: “இதில நல்ல வடிவாத் தெரியும் அப்பா.” பிறகு 24 மாதம், உணவகச் சமையலறைச் சம்பளத்திலிருந்து தவணை போகும்.

நான் வசிக்கும் பாடனில் இந்த விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். திரைகளுக்கு ‘சூப்பர்’ என்ற சொல் உண்மையான பொருளோடு ஒட்டிய ஊர்களில் இதுவும் ஒன்று.

கதை பாசலில் தொடங்குகிறது. 1970இல் ஹொஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச் இருவரும், திரவப் படிக மூலக்கூறுகளை 90 பாகை முறுக்கி வைத்து, மின்னழுத்தம் கொடுத்து அந்த முறுக்கை அவிழ்க்கும் திரையைக் கண்டுபிடித்தார்கள். கைக்கடிகாரத்துக்கும் கணிப்பானுக்கும் அது போதும். ஆனால் வரிகளைக் கூட்டக் கூட்ட எழுத்து மங்கி, எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். இதற்குத்தான் 1983இல் பாடனிலிருந்த பிரவுன் பொவேரி ஆய்வுகூடம் வழி கண்டது. ரெரி ஷெஃபர், யூர்கன் நேரிங் ஆகியோர் இருந்த குழு, முறுக்கை 270 பாகை வரை கூட்டியது. பிரித்தானியாவிலும் அதே காலத்தில் சிலர் இதே வழியில் போனார்கள். 1985இல் 540க்கு 270 புள்ளிகள் கொண்ட திரையைப் பாடன் குழு செய்து காட்டியது. பின்னணி மஞ்சள் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும், அது குறைதான். ஆனாலும் ஆரம்பகால மடிகணினிகளும், நிறத்திரை வந்த புதிதில் பல கைபேசிகளும் இந்த வகைத் திரையோடுதான் வந்தன.

அந்தச் ‘சூப்பர்’ 90க்கும் 270க்கும் இடையிலான வித்தியாசம். அளந்து பார்க்கலாம்.

இப்போதைய சொற்களை அப்படி அளக்கப் பாருங்கள். ஐபோன் 4 வந்தது 2010இல். அங்குலத்துக்கு 326 புள்ளிகள். அதற்கு ‘ரெட்டினா’ என்று பெயர் வைத்தார்கள். 2019இல் வந்த ஐபோன் 11இன் ‘லிக்விட் ரெட்டினா’ திரையிலும் அதே 326தான். அந்த ‘லிக்விட்’ வேறொன்றுமில்லை, பழைய எல்.சி.டி.யில் இருக்கும் திரவப் படிகம்தான். மோசமான திரை என்று நான் சொல்லவில்லை. பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன்.

நிட்ஸ் கணக்கு இன்னும் வேடிக்கை. ஐபோன் 14 புரோவுக்கு மூன்று எண்கள்: வழமையாக 1000, சிலவகை வீடியோக்களில் 1600, வெளி வெயிலில் 2000. மூன்றும் உண்மை. விளம்பரத்தில் பெரிதாக நிற்பது எது என்று சொல்லத் தேவையில்லை. வேறு சில நிறுவனங்கள் இன்னும் பெரிய எண்களைப் போடுகின்றன. பெரும்பாலும் அது திரையின் ஒரு சிறு மூலை மட்டும் எட்டும் வெளிச்சம். 240 ஹேர்ட்ஸ் என்று கண்டால், அது படம் புதுப்பிக்கும் வேகமா, விரல் தொடுவதை உணரும் வேகமா என்று கேளுங்கள். பல தடவை இரண்டாவதுதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஓலெட் திரையில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு, ஏனென்றால் அந்தப் புள்ளி அணைந்தே கிடக்கிறது. ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் போன் என்றால், யாழ்ப்பாண வெயிலில் முற்றத்தில் நின்று பேரப்பிள்ளையின் முகம் பார்க்க, வெளி வெளிச்ச எண்ணும் முக்கியம்தான்.

இந்த நிபந்தனைகள் எல்லாம் அடிக்குறிப்பில், ஜேர்மன் மொழியில், எறும்பு எழுத்தில் இருக்கும். பல வீடுகளில் அதை வாசிக்கக்கூடியவர் பிள்ளைதான். தலைப்பை வாசித்துக் காட்டுகிற பிள்ளையிடம், “கீழ இருக்கிறதையும் வாசி மகள்” என்று கேளுங்கள். கடையில் ஓடும் பளபள வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறவுங்கள். எழுத்தைச் சிறிதாக்கி, ‘ணூ’வும் ‘றூ’வும் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். விடுவார்கள் என்றால் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை. பிறகு பக்கத்தில் 300 பிராங் குறைவாக இருக்கும் போனிலும் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள்.