நான்கு யூரோ திருட்டு

2011ஆம் ஆண்டு, இத்தாலியின் ஜெனோவா நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட். வீடுவாசல் இல்லாத உக்ரைன் இளைஞர் ஒருவர் ரொட்டிக் குச்சிகளுக்கு மட்டும் பில் போட்டுக் காசு கொடுத்தார். பைக்குள் சீஸும் சாசேஜும் பதுங்கியிருந்தன. பார்த்துவிட்ட இன்னொரு வாடிக்கையாளர் காவலாளியிடம் சொல்லிவிட்டார். பிடிபட்ட சரக்கின் மதிப்பு 4 யூரோ 7 சென்ட்.

அதற்குக் கிடைத்த தண்டனையோ 6 மாதச் சிறை, 100 யூரோ அபராதம்!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேடிக்கை என்னவென்றால், மேல்முறையீடு பசியைப் பற்றியதே அல்ல. கடையைத் தாண்டும் முன்பே பிடிபட்டதால் இது திருட்டா, வெறும் திருட்டு முயற்சியா என்பதுதான் கேள்வி. 2016இல் வெளிவந்த தீர்ப்பு இரண்டையும் ஒதுக்கியது. உடனடிப் பசியைத் தணிக்கக் கொஞ்சம் உணவு எடுத்தது குற்றமே அல்ல என்றது.

பிரான்சில் 1898லேயே இப்படி நடந்திருக்கிறது. குழந்தையோடு பட்டினி கிடந்து, ரொட்டி திருடிய தாயை நீதிபதி மன்யோ விடுதலை செய்தார். ‘நல்ல நீதிபதி’ என்றே அவருக்குப் பெயர் நிலைத்தது.

இங்கிலாந்து இளகவில்லை. காலி வீடுகளில் வீடற்றவர்கள் குடியேறிய 1971ஆம் ஆண்டு வழக்கில், திருட்டுக்குப் பசியைச் சாக்காக ஏற்றால் ஒழுங்கே குலைந்துவிடும் என்றார் நீதிபதி டென்னிங் பிரபு. தேவை இருப்பதாகச் சொல்லி யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாமே என்ற அவர் அச்சத்தைத் தள்ளிவிட முடியாதுதான். ஆனால் இத்தாலியத் தீர்ப்பு ‘கொஞ்சம்’, ‘உடனடி’ என இரண்டு வேலிகளைப் போட்டிருந்தது. இப்படி எடுக்கப்படும் உணவுக்குக் கடைக்காரருக்குக் காசு யார் தருவது என்பதற்கு மட்டும் அதில் பதிலில்லை.