தலைக்காயமும் குடும்பத்தின் துணையும்

மீஞ்சூரை அடுத்த வள்ளூரில் 1,500 மெகாவாட் திறனுள்ள அனல் மின் நிலையம் அமைந்திருக்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. ஏரும் நாற்றுமே அறிந்திருந்த சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து இன்று பலரும் மோட்டார் சைக்கிளில் ஆலைப் பணிக்குச் செல்கின்றனர். லாரிகள் விரையும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஒரு கணத் தவறும் தலைக்காயமாக முடியக் கூடும். உயரத்தில் வேலை செய்கையில் தவறி விழுவோரும் உண்டு.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ஆம் ஆண்டில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை, நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அன்று முதல் இத்துறை பெரிதும் வளர்ந்துள்ளது. விபத்துற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்றது. பிற மாநிலத்தாருக்கும் இது பொருந்தும். இவ்வாறு காக்கப்பட்ட உயிரை மீண்டும் வாழ்வில் நிலைநிறுத்தும் பொறுப்பு வீட்டைச் சார்ந்தது.

கட்டுப் பிரித்ததும் நோய் தீர்ந்தது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் வீடு திரும்பியவர் காலையில் உண்டதை மாலையில் மறக்கிறார். சிறு சொல்லுக்கும் சீறுகிறார். பகலெல்லாம் சோர்ந்து கிடக்கிறார். 'குணம் கெட்டுவிட்டது' என்றும், 'காற்றுக் கருப்பு' என்றும் அயலார் பேசுவர். உண்மை அதுவன்று. சினத்தை அடக்கும் ஆற்றலில் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. அப்பகுதி அடிபட்டால் அடக்கமும் குன்றும். இதனை உணர்ந்த மனைவியும் மக்களும் சினத்துக்குச் சினம் காட்டமாட்டார்கள்.

மூளையில் மடிந்த அணுக்கள் பெரும்பாலும் மீள்வதில்லை. எனினும், எஞ்சிய பகுதிகள் இடைவிடாப் பயிற்சியினால் புதிய வேலையைக் கற்றுக்கொள்கின்றன. நாள்தோறும் பலமுறை செய்ய வேண்டிய இப்பயிற்சிக்கு வீட்டைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. உணவும் உறக்கமும் குறித்த வேளையில் நடக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்வோம். அன்றைய கிழமையையும் செய்ய வேண்டியவற்றையும் சிலேட்டில் எழுதி மாட்டுவோம். சட்டைப் பொத்தானை அவரே போடக் கால் மணி நேரம் ஆனாலும் பொறுத்திருப்போம். அன்பினால் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் அவர் கற்பது தடைப்படும்.

வலிப்பு மாத்திரையை டாக்டரைக் கேளாமல் நிறுத்தலாகாது. மது கூடவே கூடாது. தலைவலி மிகுதல், ஓயாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம் ஆகியவை கண்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நடமாட இயலாதோருக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி அளிக்க, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழி செய்துள்ளது.

முதல் ஆறு திங்களில் முன்னேற்றம் விரைவாகத் தோன்றும். பின்னர் மெதுவாக ஆண்டுக்கணக்கில் தொடரும். எல்லோரும் முழுமையாகக் குணமடைவர் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், தானே குளித்து, தானே உண்டு, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடும் நிலையை எட்டுவதும் பெரும் வெற்றியே அன்றோ?

இவ்வளவு சுமையும் பெரும்பாலும் ஒரு தாயின் அல்லது மனைவியின் தோளில் விழுகிறது. அவளும் உறங்க வேண்டும். உறவினரும் மகளிர் குழுவினரும் வாரத்தில் ஒரு பிற்பகலாவது அவளுக்கு ஓய்வளித்தல் வேண்டும். தொலைவிலிருந்து வந்து தனியே வாழும் தொழிலாளிக்கோ உடனுறையும் தோழர்களே குடும்பம். அடிபட்டவரைத் தாங்கும் வீட்டை ஊர் தாங்குமாயின், அதுவே உண்மையான கிராம முன்னேற்றமாகும்.