செப்பு: இரு மொழிகளில் ஒரு விளையாட்டறை

எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு ஓரிரவு ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். பலமனேர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த அவனுடைய தாய்க்குத் தெலுங்கு மட்டுமே தெரியும். அன்று பணியில் இருந்த மருத்துவரும் செவிலியரும் தென் மாவட்டங்களிலிருந்து புதிதாக வந்தவர்கள். மகனுக்கு வயிற்றில் வலி என்று தாய் சொன்னார். வயிற்றைக் குறிக்கும் தெலுங்குச் சொல், தமிழ்க் காதுக்கு ஏறத்தாழக் ‘கடுப்பு’ என்றே ஒலிக்கும். நாங்கள் அதை நீர்க்கடுப்பு என்று கொண்டு சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினோம். வயிற்றைத் தொட்டுப் பார்க்க முயன்றபோது, சிறுவன் அச்சத்தால் உடலை இறுக்கிக்கொண்டு அழுதான். இருமுறை சொல்லியும் பயனில்லாததால் தாயும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை, தெலுங்கு அறிந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் அந்தத் தாயிடம் பேசினார். வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கியது அதன் பின்னரே எங்களுக்குத் தெரிய வந்தது. குடல்வால் அழற்சி! அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிறுவன் நலமுடன் வீடு திரும்பினான். ஆயினும் வீணான அந்தச் சில மணி நேரத்துக்கு நாங்களே பொறுப்பு.

இரவிலும் பகலிலும் தெலுங்கு பேசுவோர் ஒருவராவது பணியில் இருக்குமாறு முதலில் ஏற்பாடு செய்தோம். ஆனால், அச்சத்தில் உறைந்த குழந்தையின் வாயைத் திறக்க மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. குழந்தை மனம்விட்டுப் பேசுவது விளையாட்டில்தான். எனவே, பழைய கட்டில்கள் அடைந்து கிடந்த அறையொன்றைத் தூய்மை செய்து விளையாட்டறை ஆக்கினோம். அதற்குச் ‘செப்பு’ என்று பெயரிட்டோம். தமிழில் செப்பு என்றால் சிறுமியர் சோறாக்கி விளையாடும் சிறு பாண்டங்கள். தெலுங்கில் அதே சொல்லுக்குச் ‘சொல்’ என்று பொருள். விளையாடு, சொல் என்னும் இரண்டும் ஒரே பெயரில் அடங்கிவிட்டன.

வாசலில் நின்றவர்கள்

தொடக்கத்தில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். பெயர்ப் பலகையில் தமிழைப் பெரிய எழுத்திலும் தெலுங்கை அதன் கீழே சிறிய எழுத்திலும் எழுதியிருந்தோம். சித்தூர், குப்பம் பகுதிக் குடும்பங்கள் வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பின. “இது உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உரியது என்று எண்ணினோம்” என்று ஒரு தந்தை சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது இரு மொழிகளும் ஒரே அளவில், அருகருகே இருக்கின்றன. வருவோரை முதலில் வரவேற்பவர் மருத்துவமனை ஊழியர் அல்லர். சில நாள்களாக இங்கே தங்கியிருக்கும் தாயோ தந்தையோ வரவேற்கிறார்.

பல்லாங்குழியைத் தெலுங்கில் ‘வாமன குண்டலு’ என்பார்கள். குடியாத்தத்துப் பாட்டி ஒருவரும் சித்தூர்த் தாய் ஒருவரும் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமலே ஒரு மாலை முழுவதும் அதை ஆடினார்கள். ‘ரெண்டு’, ‘ஆறு’ ஆகியவை இருவருக்கும் பொது. தெலுங்கில் மூன்றுக்கு ‘மூடு’ என்று கேட்டதும், எதை மூடுவது என்று தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆட்டம் முடியும்போது, இருவருடைய பிள்ளைகளுக்கும் மறுநாள் ஒரே வகைச் சிகிச்சை என்பதைச் சைகையாலேயே பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

அறையின் நெறிகள்

இந்த அறைக்குள் ஊசி இல்லை, மருந்து இல்லை, பரிசோதனையும் இல்லை. மருத்துவர்களாகிய நாங்களும் குழந்தையின் இசைவு பெற்றே உள்ளே வருகிறோம். இங்கே யாரும் தன்னைத் துன்புறுத்தமாட்டார்கள் என்ற நம்பிக்கை குழந்தைக்கு வேண்டும்.

சுவரில் ஒரு குழந்தையின் முழு உருவம் வரையப்பட்டு, ஒவ்வோர் உறுப்பின் பெயரும் இரு மொழிகளிலும் எழுதப்பட்டுள்ளது. அருகில், சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரையிலான படங்கள் உள்ளன. எங்கே வலி, எவ்வளவு வலி என்பதைச் சொல் தெரியாத குழந்தையும் விரலால் காட்டிவிடும்.

உள்ளே வரும்போதும் போகும்போதும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காய்ச்சலுடன் தடிப்போ, வயிற்றுப்போக்கோ, கடும் இருமலோ உள்ள குழந்தைக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கும் தூய்மை செய்த விளையாட்டுப் பொருள்களைப் படுக்கைக்கே கொண்டுவந்து தருவோம். துணிப் பொம்மை ஒரு குழந்தைக்கு மட்டுமே உரியது. அதை வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம். மூன்று வயதுக்கு உட்பட்டோர் அருகில் புளியங்கொட்டை, சோழி போன்ற சிறு பொருள்களை வைக்காதீர்கள். அவை மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். பொத்தான் வடிவ பேட்டரி உள்ள பொம்மைகளுக்கு இங்கே இடமில்லை. அந்த பேட்டரியை விழுங்கினால், உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாகிவிடலாம்.

பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வி

இரு மொழிகளைக் கேட்டு வளர்ந்தால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகுமா என்று பலர் கேட்கின்றனர். ஆகாது. இரு மொழிச் சொற்களைக் கலந்து பேசுவது வளர்ச்சியின் இயல்பான ஒரு படி. குழப்பத்தின் அடையாளம் அன்று. பேச்சு உண்மையிலேயே தாமதமானால் அதற்குக் காரணம் வேறாக இருக்கும். முதலில் செவித்திறனைப் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் உங்களுக்கு எளிதாக வரும் மொழியிலேயே குழந்தையிடம் பேசுங்கள்.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989) தனது 31ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. நோயுற்றதால் ஒரு குழந்தை அந்த உரிமையை இழப்பதில்லை.

‘செப்பு’ நாள்தோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை. உங்கள் ஊர்த் தாலாட்டையோ விடுகதையையோ கொண்டு வாருங்கள். விளையாடும்போது குழந்தை பொம்மையின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதேனும் சொன்னால், அதை எங்களிடம் அப்படியே, உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். புரியாவிட்டால் மீண்டும் கேட்போம். நீங்களும் பேசுவதை நிறுத்திவிடாதீர்கள்.