செவ்வாயில் உருளைக்கிழங்கு... பூமியில் 3,000 வாசகர்கள்!

ரெக்கார்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல ரகசியமா கதை எழுதுற ஆளா நீங்க? 'இதை யார் படிக்கப் போறா?'னு பெருமூச்சு விடுறவரா? அப்போ ஆண்டி வியர் பத்தித் தெரிஞ்சுக்கோங்க பாஸ்!

அமெரிக்காவைச் சேர்ந்த சாஃப்ட்வேர் புரோகிராமர். 1999-ல் வேலை போனதும், சுமார் மூணு வருஷம் முழுநேரமா எழுதிப் பார்த்தார். எந்தப் பதிப்பகமும் சீண்டலை. மறுபடி கோடிங்குக்கே திரும்பினார். ஆனா, எழுதுறதை மட்டும் விடலை. தன் சொந்த வெப்சைட்டில் கதைகளை இலவசமா கொடுத்துக்கிட்டே இருந்தார். பத்து வருஷத்துல சேர்ந்த வாசகர்கள் சுமார் 3,000 பேர். ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்ல படிக்கிற கூட்டம்தான்!

அவங்களுக்காக 2009-ல் ஆரம்பிச்ச தொடர்தான் 'தி மார்ஷியன்'. செவ்வாய் கிரகத்தில் தன்னந்தனியா மாட்டிக்கிற விண்வெளி வீரனின் கதை.

ஏன் செவ்வாய்? மனுஷன் அங்கே எப்படிப் போய் வரலாம்னு கணக்குப் போடுறதுன்னா அவருக்கு அல்வா சாப்பிடுற மாதிரி. விண்கலத்தின் பாதையைக் கண்டுபிடிக்கத் தானே ஒரு புரோகிராம் எழுதினார். களம் அத்துப்படி என்பதால், திருப்பங்கள் தானா வந்தன. சாப்பாடு தீரப்போகுது, உருளைக்கிழங்கு பயிரிடணும். அதுக்குத் தண்ணி வேணும். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீனில் இருந்து ஹைட்ரஜனைப் பிரிச்சு எரிச்சா தண்ணி ரெடி. கொஞ்சம் பிசகினா? டமால்! நம்ம கெமிஸ்ட்ரி லேப்தான், அங்கே சஸ்பென்ஸ்!

அத்தியாயம் அத்தியாயமா வந்ததால, கெமிஸ்ட்ரி தெரிஞ்ச வாசகர்கள் தப்புகளைச் சுட்டிக்காட்டினாங்க. அவரும் திருத்தினார். ஆனா, ஒரு விஷயத்தில் தெரிஞ்சே விதியை மீறினார். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியோடதுல 1 சதவிகிதம்கூட இல்லை. அங்கே ராக்கெட்டைச் சாய்க்கிற புயல் அடிக்கவே முடியாது. ஆனா, அந்தப் புயல் இல்லேன்னா கதையே இல்லையே!

வாசகர்கள் கேட்டாங்கன்னு கிண்டிலில், அங்கே வைக்க முடிஞ்ச குறைஞ்ச விலையான 99 சென்ட்டுக்குப் போட்டார். மூணே மாசத்துல 35,000 பிரதிகள்! அதுக்கப்புறம்தான் பெரிய பதிப்பகம் தேடி வந்தது. 2014-ல் அச்சுப் புத்தகம், 2015-ல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் சினிமா.

எல்லாருக்கும் ஹாலிவுட் கதவு திறக்காது, நிஜம்தான். ஆனா, அவர் முதல்ல சம்பாதிச்சது ஹாலிவுட்டை இல்லை, தப்பு கண்டுபிடிக்கிற அளவுக்கு ஊன்றிப் படிக்கிற வாசகர்களை. அது உங்களாலும் முடியும்.

பார்க்காத நியூயார்க்கை விடுங்க. உங்க அப்பா வேலை பார்க்கிற சாயப்பட்டறை, மாமாவோட உப்பளம், நெய்வேலி சுரங்கத்து நைட் ஷிஃப்ட்... எது எப்படி இயங்கும், எங்கே உடையும்னு உங்களுக்குத் தெரியுமோ, அதுதான் உங்க செவ்வாய். எழுதினதை, அந்த இடத்தை நல்லா தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுங்க. 'நல்லா இருக்கா?'னு கேட்காதீங்க, 'எங்கே தப்பு?'னு கேளுங்க. அவர்தான் உங்க முதல் வாசகர்.

இன்னும் 2,999 பேர்தான் பாக்கி!