வீட்டில் அமைத்த விமானமும் அதன் வீழ்ச்சியும்

விளாத்திகுளத்துக் கரிசற் காட்டின்மேல் பருந்து சிறகசையாது வட்டமிடக் கண்டோர், பறத்தல் எளிதென எண்ணுதல் இயல்பே. 1910-ஆம் ஆண்டில் சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி ஆஞ்சலிஸ் என்பார், சிம்சன் கம்பெனியார் துணைகொண்டு தாமே ஒரு விமானம் அமைத்துப் பறந்து காட்டினார். அவர் நலமே இறங்கினார். அப்பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

ஜெர்மானியராகிய லிலியந்தால் 1896-இல் தாம் செய்த இயந்திரமில்லா விமானத்தினின்று வீழ்ந்து மறுநாள் இறந்தார். விமானத்தின் முகம் அளவுக்கு மிஞ்சி நிமிருமாயின், காற்றானது சிறகின் மேற்புறத்தைத் தழுவாது பிரிந்துவிடும். தூக்கும் விசை குன்றும். தாழப் பறக்குங்கால் இது நேர்ந்தால், மீள்வதற்குப் போதிய உயரம் ஏது?

ஆயினும் காற்றின்மேலேயே பழி சுமத்துதல் தகாது. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-இல் கலிபோர்னியாக் கரையருகே கடலில் வீழ்ந்து மாண்டார். அவ்விமானம் ரூட்டன் என்பார் வகுத்த வரைபடங்கொண்டு ஒருவர் தம் கையாலேயே அமைத்தது. டென்வர் அதனைப் புதிதாக வாங்கியிருந்தார். பெட்ரோல் தொட்டியை மாற்றும் திருகு, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கிடையே இருத்தல் வேண்டும். அமைத்தவரோ, பெட்ரோல் விமானியின் அறைக்குள் வரலாகாதென்று கருதி, அதனை இடத்தோளின் பின்னே வைத்தார். கருத்து நன்றே, இடந்தான் தீது! அதனைத் திருப்ப உடலை முறுக்கியபொழுது வலக்கால் தன்னையறியாது சுக்கான் மிதியை அழுத்தியதென்றும், விமானம் நிலைதவறியதென்றும் ஆராய்ந்தோர் முடிவு கூறினர். பெட்ரோல் அளவைக் காட்டும் கருவியும் பின்னிருக்கைப் பக்கமே இருந்தது. புறப்படுமுன் பெட்ரோல் நிரப்பலாமா என்று கேட்டதற்கு, ஏறக்குறைய ஒரு மணி நேரமே பறக்கப்போவதாகச் சொல்லி அவர் வேண்டாமென்றாராம்.