மோட்டார் வண்டியிற் கம்பியில்லா இசை

சட்டைப்பையில் அடங்கும் இசைப்பெட்டிகளுட் பேர்பெற்றது, ஆப்பிள் கம்பெனியார் 2001-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளியிட்ட ஐபாட் என்பதாம். ஆயிரம் பாட்டுக்களைத் தன்னகத்தே கொண்டு பிறந்த அக்கருவி, பின்னர்ப் பல்லாயிரம் பாட்டுக்களுக்கும் இடந்தந்தது. 2014-இல் அதன் 'கிளாசிக்' வகையும், 2022-இல் 'டச்' என எஞ்சி நின்ற வகையும் நிறுத்தப்பட்டன. விற்பனை ஒழிந்ததனாற் கருவியும் ஒழிந்துவிடுமோ? இசைத்தட்டுக்களினின்றும் ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பல்லாண்டு சேர்த்த பாட்டுக்களை அதனுட் பொதிந்து வைத்திருப்போர் இன்றும் உளர். அவருட் பலர் அதனைக் கேட்க விரும்பும் இடம் மோட்டார் வண்டியே. இடர் தோன்றுவதும் ஆங்கே.

அவ்விடர் யாதெனிற் கூறுதும். ஐபாட் கிளாசிக் கம்பி வழியே ஒலியை ஈயவல்லதன்றிப் பிறிதொரு வழி அறியாதது. புதிய வண்டிகள் பலவற்றிலோ, அக்கம்பியைச் செருகுந் துளையே காணப்படுவதில்லை. இவ்விரண்டையும் இணைக்குமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

முன்னர் வழங்கிய உபாயங்கள் இரண்டு. கேசட் வடிவாகச் செய்யப்பட்ட தகடொன்றை வண்டியின் கேசட் பெட்டியில் இட்டால், தகட்டிலுள்ள சிறு காந்தமுனை பெட்டியின் காந்தமுனைக்கு ஒலிக்குறிகளை ஈயும். எளிய சூழ்ச்சியே, ஆயினும் கேசட் பெட்டியுடைய வண்டிகள் இன்று அரியவாயின. மற்றையது எப். எம். ஒலிபரப்பி. இது வண்டிக்குள்ளேயே அமைந்த குட்டி வானொலி நிலையம் எனலாம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எல்லையில் வெறுமையான ஓரிடத்தைத் தெரிந்து அதிற் பாட்டைப் பரப்பும்; வண்டியின் வானொலி அதனை ஏற்கும். பெருநகரங்களில் வெறுமையான இடங் கிடைத்தல் அரிது. கிடைத்தாலும், வண்டி பத்துக் கல் செல்லுமுன் வேறொரு நிலையத்தார் அவ்விடத்தைக் கவர்ந்துகொள்வர். பாட்டின் நடுவே விளம்பரம் புகுந்து முழங்கும். பிரிட்டன் நாட்டில் 2006-ஆம் ஆண்டு டிசம்பர் வரை இதனைப் பயன்படுத்துதலே சட்டத்திற்கு மாறாக இருந்தது. பின்னர் 50 நானோவாட் என்னும் எல்லையுடன் இசைவளித்தனர். ஒரு வாட்டினை நூறு கோடிக் கூறு செய்து, அவற்றுள் ஐம்பது கூறே அது. இத்துணைச் சிற்றாற்றலுடைய கருவியினிடத்துத் தெளிவை எதிர்பார்ப்பது முறையன்று.

இனி, புளூடூத் முறை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கு நாட்டை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனுடைய பட்டப்பெயரே இதற்குப் பெயராயிற்று; 'நீலப்பல்' என்பது பொருள். வேந்தனுடைய பல் வானொலிக் கலைக்குப் பெயர் தந்தது வியப்பே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவில் 79 அலைவழிகளைக் கொண்டு, வினாடிக்கு 1,600 முறை ஒன்றினின்றும் ஒன்றிற்குத் தாவிச் செல்வதே இதன் பழைய முறை. ஆதலின் அயற்கருவிகளோடு முட்டினும் அஃது ஒரு நொடியின் சிறுகூறே நிலைக்கும். கேட்போர் செவிக்குப் புலனாகாது.

ஈண்டு மயக்கந் தருவது ஒன்றுண்டு. "இவ்வண்டியிற் புளூடூத் உண்டு" என்று விற்போர் கூறிய மாத்திரத்தே இசை கேட்கலாமென்று எண்ணற்க. தொலைபேசியிற் பேசுதற்குரிய முறை வேறு. 'ஏ-டூ-டீ-பீ' எனப்படும் இசைக்குரிய முறை வேறு. முன்னது மாந்தர் பேச்சுக்குப் போதுமான ஒற்றை ஒலியையே தாங்கும். பின்னதே வலமும் இடமுமாகிய ஈரொலியையும் செவ்விதிற் கொணரும். பழைய வண்டிகள் பலவற்றில் முன்னது மட்டுமே உண்டு. இதனை உசாவி அறியாமற் கருவி வாங்குதல் வீண்செலவேயாம்.

இசைமுறை உளதாயின், ஐபாடின் அடியிற் செருகும் சிறு அனுப்பியொன்று போதும். 2003 முதல் வழங்கிய முப்பது முனைச் செருகிடத்தில், ஒலியை ஏற்றுந் திருகுக்குக் கட்டுப்படாத நிலையான ஒலி வெளிவரும். காதொலித் துளையினின்றும் எடுப்பதினும் இதுவே தூயது என்பது எம் கருத்து. மின்னாற்றலையும் அனுப்பி ஆண்டே பெற்றுக்கொள்ளும். ஐபாடின் மின்கலம் சற்று விரைவில் தேயும், அவ்வளவே. ஆனால் வண்டியும் அனுப்பியும் முதன்முதல் உறவு கொள்ளுதல் எளிதன்று. சில வண்டிகள் ஒரு மறைவெண்ணைக் காட்டி, "இதனை மறுகருவியில் இடுக" என்னும். திரையும் எழுத்துமில்லாச் சிறுகருவி எங்ஙனம் இடும்? இத்தகையன பெரும்பாலும் 0000 என்னும் எண்ணொன்றையே அறியும். வண்டியின் எண்ணை அவ்வாறு மாற்ற இயலுமாயின் இணங்கும். இயலாதாயின் வேறு வழி தேடவேண்டுவதே.

இன்னொன்று உயிரைப் பற்றியது. அடுத்த பாட்டுக்குச் செல்லுங் கட்டளை இசையோடு செல்வதன்று. அதற்கெனத் தனிமுறை உண்டு. ஒலியை மட்டும் அனுப்புங் கருவியாயின், ஓட்டுவோன் ஐபாடையே தொட்டுத் திருப்ப வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி, அவன் இரண்டு வினாடி கீழ்நோக்குங்கால் 33 மீட்டர் கடந்துவிடும். அந்த 33 மீட்டரையும் அவன் குருடனாகவே கடக்கின்றான். கட்டளை முறையும் உடைய அனுப்பியை வாங்குக. இன்றேற் புறப்படுமுன்னரே பாட்டுக்களை வரிசைப்படுத்திக்கொள்க.

ஐபாடைத் திறந்து உள்ளேயே புளூடூத் பலகையைப் பொருத்தும் வல்லுநரும் உளர். சுழலும் தட்டை நீக்கி நினைவட்டையை வைத்தால் இடம் பிறக்கும். ஆயின் முதுகு எஃகு; கிளாசிக் வகையின் முகமோ அலுமினியம். உலோகம் அலைகளைத் தடுக்கும். முகப்புப் பிளாஸ்டிக்காலாகிய 2005-ஆம் ஆண்டு வகையே இதற்கு ஏற்றது.

புளூடூத் இல்லாத பழைய வண்டியில், தொலைபேசியின் பாட்டைக் கேட்பதற்கு ஏற்பியொன்றைக் கம்பித்துளையிற் செருகுவர். அதற்கு 12 வோல்ட் துளையினின்றும் மின்னூட்டினால், எந்திரம் விரையுந்தோறும் உயர்ந்து செல்லும் ஒரு சீழ்க்கையொலி உடன்வருவதுண்டு. மின்னுக்கும் ஒலிக்குமாக நிலத்தொடர்பு இருவழியில் அமைந்து வளையமாவதே அதன் காரணம். ஒலிக்கம்பியின் இடையே சிறு மின்மாற்றியுடைய பிரிப்பானைப் பொருத்தினால் அவ்வளையம் அறும், சீழ்க்கையும் நிற்கும்.