வானத்தில் ஓர் இடம் – 7: கிழக்கே 91.5 பாகை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் பழைய அடுக்குமாடிகளின் பின்புறம் நின்று அண்ணாந்து பாருங்கள். துணி காயும் கம்பிகளுக்கு நடுவே, துருப்பிடித்த ஆணிகளில், ஆஸ்ட்ரோ துணைக்கோள் தொலைக்காட்சித் தட்டுகள். வீட்டுக்கு வீடு சுவர் வேறு, சன்னல் வேறு. ஆனால் எல்லாத் தட்டும் சற்றே மேற்கே சாய்ந்து, ஏறக்குறைய உச்சி வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலின் மேல், நிலநடுக்கோட்டுக்கு நேராக 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது அவை பார்க்கும் இடம். கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகை. மீசாட் துணைக்கோள்களின் வீடு அது.

அந்த இடம் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் அதைப் பதிவு செய்வது நாடு. நிறுவனம் அதைப் பயன்படுத்துகிறது, அவ்வளவே. சுற்றுப்பாதையும் அலைக்கற்றையும் அளவுக்குட்பட்ட இயற்கை வளங்கள், எல்லா நாடுகளுக்கும் நியாயமான பங்கு வேண்டும், வளரும் நாடுகளின் தேவையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஒன்றியத்தின் சாசனம் 44ஆவது பிரிவில் சொல்கிறது. நடைமுறையிலோ பெரும்பாலும் முந்தியவருக்கே இடம். பேருந்து சன்னல் வழியாகத் துண்டு போட்டு இருக்கை பிடிப்பது போலத்தான். 1980களின் இறுதியில் டோங்கா என்ற குட்டித் தீவு நாடு, சொந்தமாக ஒரு துணைக்கோள்கூட இல்லாமல், 16 இடங்களுக்குத் துண்டு போட்டு உலகத்தையே அதிர வைத்தது. பிடித்த இடத்தைக் காலியாக விட்டாலும் ஆபத்து: சேவையை நிறுத்தி மூன்றாண்டுக்குள் மீண்டும் தொடங்காவிட்டால் உரிமை போய்விடும். 2021 ஜூனில் மீசாட்-3 பழுதானபோதும் அதே இடத்தில் வேறு மீசாட் துணைக்கோள்கள் இருந்தன. 2022 ஜூனில் ஏவப்பட்ட மீசாட்-3டி பின்னர் அங்கே போய்ச் சேர்ந்தது.

முதல் மீசாட் 1996 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஆனந்த கிருஷ்ணன். இதே பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து, ஹார்வர்டு வரை போனவர். 2024 நவம்பரில் காலமானார். மீசாட் வருவதற்கு முன் சாதாரண வீடுகளில் தட்டு வைக்கவே மலேசியாவில் தடை இருந்தது. அவருடைய ஆஸ்ட்ரோ வந்ததும் சிறிய தட்டுக்கு அனுமதி கிடைத்தது. தமிழுக்கென்று வானவில் அலைவரிசையும் வந்தது. கிள்ளானில் தோட்டத்து வீடுகளை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலாய், சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே கிடைத்த சில மணி நேரம், நாள் முழுக்க ஓடும் அலைவரிசையாக ஆனது.

ஆனால் ஆஸ்ட்ரோவுக்குக் கொடுத்த உரிமை தனியுரிமை. 2017 பிப்ரவரி வரை துணைக்கோள் வழி வீட்டுக்கு நேரே ஒளிபரப்ப வேறு எவரும் வர முடியவில்லை. அவ்வளவு முதல் போட்டவருக்குச் சில காலம் பாதுகாப்பு வேண்டும் என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். 20 ஆண்டு அதிகம். சந்தா ஏறியபோது தமிழ்க் குடும்பம் போக வேறு வாசல் இருக்கவில்லை. 2012இல்தான் மாதச் சந்தா இல்லாத என்ஜோய் சேவை வந்தது. அதுவும் அதே நிறுவனத்திடமிருந்து.

இன்னொரு குறை வானத்திலேயே இருக்கிறது. கிள்ளானில் மாலை நான்கு மணிக்கு இடியோடு மழை இறங்கினால் திரையில் முகம் சதுரம் சதுரமாக உடையும், வசனம் பாதியில் நிற்கும், பிறகு நீலத் திரை. சிறிய தட்டுக்கு ஏற்ற கேயூ அலைவரிசைப் பட்டையின் குணம் அது; அந்த அலைநீளத்தை மழைத்துளி விழுங்கிவிடும். மழையைத் தாங்கும் சி பட்டைக்குப் பெரிய தட்டு வேண்டும். அடுக்குமாடிச் சுவரில் அதற்கு இடம் ஏது?

இப்போது துணைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க். 2023 ஜூலையில் உரிமம் கிடைத்தது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான துணைக்கோள்கள் அவர்களுடையவை. சபா, சரவாக் உட்புறக் கிராமங்களுக்கு அவற்றால் வரும் பயன் உண்மையானது. தொடங்கியபோது கருவிக்கு 2,300 ரிங்கிட், மாதம் 220 ரிங்கிட். அந்த ஊர்ப் பழங்குடிக் குடும்பம் எங்கே போகும் இந்தப் பணத்துக்கு? வெளிநாட்டுப் பங்கு 49 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியிலிருந்தும் அந்த நிறுவனத்துக்கு விலக்கு தரப்பட்டது.

விலக்கு தருவது தவறல்ல. பதிலுக்கு என்ன கேட்டோம் என்பதுதான் என் கேள்வி. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவருக்கும் சேவை நிதிக்குக் கட்டுகின்றன. வசதி எட்டாத ஊர்களுக்கு இணைப்புத் தரவே அந்த நிதி. எத்தனை கிராமம், என்ன விலை, எந்த ஆண்டுக்குள் என்ற நிபந்தனைகளை உரிமத்தோடு சேர்த்தே எழுதி, சைபர்ஜெயாவில் இருக்கும் தொடர்பு, பல்லூடக ஆணையம் பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும். உரிமத்தைக் கொடுத்த பிறகு கெஞ்சிப் பயனில்லை. 1990களில் அப்படி எழுதியிருந்தால் சந்தாவைப் பற்றிய சண்டை பாதி குறைந்திருக்கும்.

தாழ்வான பாதைத் துணைக்கோள்கள் உயரத்தில் இருப்பவற்றுக்கு இடைஞ்சல் தராமலிருக்க அனைத்துலக ஒன்றியம் விதித்த சக்தி வரம்புகளைத் தளர்த்தக் கேட்கும் குரல் இப்போது வலுத்துவருகிறது. தளர்த்தினால் பிரிக்பீல்ட்ஸ் தட்டுகளுக்கு என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)